கன்னையாவுக்கு வைத்த பீர்

என் வீட்டுக்காரர் அருணன், யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்று பிரிக்பீல்ட்ஸில் பேர் எடுத்தவர். வெளியில் இருந்து பார்த்தால் அது பெரிய குணம். கூடவே குடித்தனம் நடத்தினால்தான் அதன் லட்சணம் தெரியும். கல்யாண வீட்டு சாம்பாரில் உப்பு கரித்தால் பந்தியில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இவர் மட்டும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சாம்பார் ரொம்ப நல்லா இருக்கு" என்பார். அந்த ஆள் பூரித்துப்போய் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். இவரும் அதைச் சாப்பிட்டுத் தொலைப்பார்.

இத்தனைக்கும் இவர் பார்த்தது குறை கண்டுபிடிக்கிற உத்தியோகம். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கும் கெமிஸ்ட். எந்த ஊர்த் தண்ணீரில் என்ன கோளாறு என்று ஈவிரக்கம் இல்லாமல் எழுதுவார். காகிதத்தில் புலி, எதிரில் ஆள் நின்றால் பூனை. கல்யாணமான நாளிலிருந்து நான் இந்தப் பூனையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பணி ஓய்வு பெற்றதும் இவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கோயில் கமிட்டிக்குப் போங்கள் என்றேன். அங்கே முகத்துக்கு நேராகச் சண்டை போட வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு போகவில்லை. பிறகு ஒரு நாள் பெரிய எவர்சில்வர் பானை, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய் எல்லாம் வீட்டில் வந்து இறங்கின. பீர் காய்ச்சப் போகிறேன் என்றார்.

நாங்கள் சிலோன்காரர்கள், அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். எங்கள் ஆட்களில் குடிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார்கள், ஏலக்காயை மென்றுகொண்டு வெளியே வருவார்கள். அடுக்குமாடி வீட்டில் அடுப்பு வைத்துக் காய்ச்சுகிறவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. "பக்கத்து வீட்டுல வாசம் என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றேன். "பார்லிக் கஞ்சின்னு சொல்லு, மாலா" என்றார். பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, காரியத்தில் கெட்டிக்காரர். பீருக்கு மூலப்பொருள் மால்ட். அது வேறொன்றும் இல்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. நாம் கேழ்வரகை முளைகட்டி மாவு அரைக்கிறோமே, அதே சங்கதிதான். அதை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு வைத்தால் பீர். மாவு மாறிவிட்டதா என்று பார்க்க இவர் சாஸரில் ஒரு சொட்டு அயோடின் விடுவார். கறுநீலமாகத் திரும்பினால் மாறவில்லை என்று அர்த்தம். என் நல்ல சாஸர்கள் எல்லாம் அப்படித்தான் பாழாயின.

இதேபோல வீட்டில் பீர் காய்ச்சுகிற பித்துக்குளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. சீனர்கள், பஞ்சாபிகள், ஒரு வெள்ளைக்காரர். தமிழர் என்று பார்த்தால் இவரும் யுவராஜும் மட்டும்தான்.

யுவராஜ் பண்டமாரான்காரன். அது கிள்ளான் பக்கம், கூலி வேலைக்காரர்கள் அதிகம் குடியிருக்கிற இடம். துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது செருப்பை வாசலுக்கு வெளியே வெகுதூரத்தில் கழற்றிவிட்டு, "சார், உள்ள வரலாமா?" என்று கேட்டான். இவர் எழுந்து போய் அவன் தோளில் கை போட்டார். "சார்லாம் வேணாம் தம்பி. அங்கிள்னு கூப்பிடு." அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து வாய்க்கு வாய் அங்கிள்தான்.

அவனுக்கு ஒரு யோசனை. எல்லோரும் வெளிநாட்டு மால்ட்டைத்தானே வாங்குகிறார்கள், நாமே இங்கே செய்தால் என்ன? செலாயாங் மொத்தச் சந்தையில் பறவைத் தீனிக்கு விற்கிற உமி நீக்காத பார்லியை மூட்டையாக வாங்கி வந்தான். நீல டிரம்மில் ஊறவைத்தான். ஹாலில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினான். பார்லி குளிரில்தான் ஒழுங்காக முளைக்குமாம். கிள்ளான் வெயிலுக்கு அது எங்கே போகும்? அதற்காக ஹாலில் ஏர்கோன் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டான். அவன் அம்மா இராஜம்மா என்னிடம் போனில் புலம்புவார். "பாருங்கம்மா, பார்லிக்கு ஏர்கோன், பெத்தவளுக்கு காத்தாடி." புலம்பலிலேயே பெருமையும் இருக்கும்.

முதல் மூட்டையை யுவராஜ் தானே தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தான். இவர் அதைப் பக்தியோடு காய்ச்சினார். சாஸரில் அயோடின் கறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைத்தார், மறுபடியும் கறுத்தது. பார்லி மணிகளில் பாதி கல் போல அப்படியே கிடந்தது, முளைக்கவே இல்லை. மீதியில் கொஞ்சம் அளவு மீறி முளைத்துப் பச்சைக் குருத்து விட்டிருந்தது. ஒரு பக்கம் மழையில் நனைந்த சாக்கு வாசம். பீர் என்று ஒன்று கடைசியில் வந்தது. நான் குடிப்பதில்லை, மோந்து பார்த்தேன். அதுவே போதும் என்றாகிவிட்டது.

யுவராஜ் போன் செய்தான். ஸ்பீக்கரில் கேட்டது.

"அங்கிள், எப்படி இருக்கு? உண்மைய சொல்லுங்க லா."

இவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றார்.

அதோடு விட்டிருந்தால் உப்புக்கரித்த சாம்பார் கணக்கில் போயிருக்கும். அவன் வந்து ருசி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான். இவர் அவசரம் அவசரமாக வெளிநாட்டு மால்ட் வாங்கி வந்து, பாதிக்குப் பாதி கலந்து மறுபடியும் காய்ச்சினார். யுவராஜ் வந்து குடித்தான். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "என் மால்ட்டா அங்கிள் இது?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. "உன் மால்ட்டுதான்" என்றார் இவர்.

அடுத்த மூட்டை வந்தது. இதில் பாதிகூடத் தேறவில்லை. கால்வாசி போட்டார். அதற்கடுத்ததில் நிறத்துக்கு ஒரு பிடி. கடைசியில் அந்த ஒரு பிடியும் பீரைக் கெடுக்கிறது என்று விட்டுவிட்டார். மூட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவை என்ன ஆகின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் அரிசி டப்பாவைத் திறந்தால் வண்டு ஊர்கிறது. வண்டு வந்த வழியைத் தேடிப் போனேன். துணி காயப்போடும் பின்னறையில், பழைய மெத்தைக்குப் பின்னால், பிரிக்கவே படாத மூட்டைகள். அப்போதுதான் இவர் காலை நடைக்குப் போகும்போது பை ஏன் கனமாக இருக்கிறது என்பதும் புரிந்தது. யுவராஜ் ஏர்கோன் போட்டு வளர்த்த பார்லியை இவர் ரயில் பாதை ஓரத்துப் புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "அந்தப் பையன் தோள்ல சுமந்துட்டு வரான். நீங்க புறாவுக்கு இறைக்கிறீங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இருக்கு" என்றார். "அதனாலதான் சொல்ல முடியல."

சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று நாளைத் தள்ளினார். அதற்குள் காஜாங்கில் அந்தக் குழு கூடியது. குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கி வைத்து, அவரவர் காய்ச்சியதை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொடுக்கிற கூட்டம். என்னையும் அழைத்துப் போயிருந்தார். இவர் பாட்டிலில் 'பண்டமாரான்' என்று யுவராஜே ஒட்டிவைத்த தாள் இருந்தது. எல்லோரும் அதையே கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். உள்ளூர் மால்ட்டில் இப்படி வருமா என்று யுவராஜின் முதுகில் தட்டினார்கள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவர் ஒரு மூலையில் சாத்தே குச்சியை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது யுவராஜ் காருக்குப் பக்கத்தில் வந்தான். "அங்கிள், முடிவு பண்ணிட்டேன். தீபாவளி முடிஞ்சதும் போர்ட் வேலைய விட்டுடறேன். வாடகைக்கு ஒரு கடை லோட் பாத்து வெச்சிருக்கேன், முழு நேரமும் இதுதான். நீங்க இல்லனா எனக்கு இந்தத் தைரியமே வந்திருக்காது."

நான் இவர் முழங்கையைக் கிள்ளினேன். இவர் வாயைத் திறந்தார். "யோசிச்சு செய் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அந்த வேலை ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்கு ஆதாரம். அப்பா கன்னையா லோரி ஓட்டிச் சம்பாதித்தவர், அவர் செத்துப் போய் வருஷங்கள் ஆகின்றன. இவர் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பையன் நல்ல வேலையை விட்டுவிட்டு, புறாவுக்குக்கூட அலுத்துப்போன பார்லியை நம்பி நடுத்தெருவில் நிற்பான். எனக்குத் தூக்கம் போயிற்று. நானே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அது இவர் கட்டிய முடிச்சு, இவரே அவிழ்க்கட்டும் என்று விட்டேன்.

அதற்காக இவர் ஒரு காரியம் செய்தார். யுவராஜின் மால்ட்டை மட்டும் போட்டு, வேறு எதுவும் கலக்காமல், ஒரு வாளி பீர் காய்ச்சினார். "இத அவன்கிட்ட குடுத்துட்டு எல்லாத்தையும் சொல்லிடறேன். குடிச்சுப் பாத்தா அவனுக்கே புரிஞ்சிடும்" என்றார். அதே சமயம் யுவராஜிடமிருந்து அழைப்பு வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் படையல் போடுகிறோம், அங்கிளும் ஆன்டியும் கட்டாயம் வர வேண்டும், அப்பாவுக்கு வைக்க நம்ம பீர் இரண்டு பாட்டில் கொண்டு வர வேண்டும் என்று.

எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்குத் திவசம் கோயிலில் ஐயரை வைத்து அடக்கமாக நடக்கும். எள்ளும் தண்ணீரும்தான். பண்டமாரானில் அப்படி இல்லை. செத்தவர் உயிரோடு இருந்தபோது என்னென்ன ஆசையாகச் சாப்பிட்டாரோ அத்தனையும் இலையில் இருக்கும். ஆட்டுக்கறி, நண்டு, முறுக்கு, சிகரெட், அவர் குடித்த ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். ஒவ்வொருவரும் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கூப்பிடுவார்கள், பேசுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? சற்று நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அன்று காரில் இரண்டு பெட்டி ஏற்றினார். ஒன்றில் பொய் பீர், ஒன்றில் மெய் பீர். ஃபெடரல் ஹைவேயில் கார்கள் ஊர்ந்தன. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். "யுவா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்... யுவா, நீ தப்பா நெனச்சுக்கக் கூடாது..." பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

போய் இறங்கினால் வாசலிலேயே யுவராஜ். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவன் அக்கா குடும்பம், சித்தப்பா, அண்டை வீட்டார் என்று நல்ல கூட்டம். "இவருதான் நான் சொன்ன அங்கிள்" என்று ஒவ்வொருவரிடமும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "எங்க பிள்ளைய நீங்கதான் தூக்கி விட்டீங்க" என்றார். இவர் காரைத் திறந்தார். எந்தப் பெட்டியை எடுப்பார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்தது பொய்ப் பெட்டி.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சாம்பிராணிப் புகைக்கு நடுவில் கன்னையாவின் படம். இவரைவிட வயதில் இளையவராகத் தெரிந்தார், சட்டைப் பையில் பேனா. யுவராஜ் பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றி இலையின் வலது பக்கம் வைத்தான். கற்பூரம் காட்டிவிட்டுக் கைகூப்பினான்.

"அப்பா, வாங்க. வருஷா வருஷம் கடையில வாங்கின ஸ்டவுட் வெப்போம். இந்த வருஷம் உங்க மகன் செஞ்சது. இது என் மால்ட்டுப்பா. இதே ஹால்ல முளைக்க வெச்சேன். வேலைய விடப் போறேன், நீங்கதான் கூட நிக்கணும். குடிச்சுப் பாத்துட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

இராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் வெளியே வந்தோம். சித்தப்பா கதவைச் சாத்தினார். முன்வாசலில் கூட்டமாக நின்றோம்.

இவர் அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு மனுஷன் மகன் கொடுத்ததாக நம்பி அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் திவசத்தில் கொட்டாவி விடுகிறவர் இவர். அன்று அந்த மூடின கதவு இவரை உலுக்கிவிட்டது.

"யுவா" என்றார். "அது உன் மால்ட் இல்ல."

"என்ன அங்கிள்?"

"உள்ள வெச்சது. அதுல உன் மால்ட் ஒரு மணிகூட இல்ல. காஜாங்ல குடிச்சதுலயும் இல்ல. எல்லாம் வெளிநாட்டுது. உன்னோடது சரியா வரல தம்பி. முதல் மூட்டையில இருந்தே வரல."

ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் அதில் இல்லை. எல்லோர் முன்னாலும், பொங்கி வந்ததுபோல் கொட்டிவிட்டார். யுவராஜின் அக்கா தன் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்ப என் மூட்டையெல்லாம்?" என்று யுவராஜ் மெதுவாகக் கேட்டான்.

இவர் அதையும் சொன்னார். புறாவுக்குப் போட்டதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை திறந்துவிட்ட வாய், அன்று மூடத் தெரியவில்லை.

யுவராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க சிலோன் ஆளுங்கள்ல ஒருத்தன் இந்த மாதிரி கொண்டு வந்திருந்தா, நல்லா இல்லன்னு சொல்லியிருப்பீங்க இல்ல?" என்று கேட்டான். "பண்டமாரான் பையன்தானே, இவனுக்கு இது போதும்னு நெனச்சிட்டீங்க."

இவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரர், காய்கறிக்காரர், இந்தப் பையன் என்று இவர் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னவர்கள் யார் யார் என்று என் மனதில் அப்போதுதான் ஓடியது. தன் தம்பி வீட்டில் டீயில் சீனி குறைந்தால் இவர் சொல்லாமல் இருந்ததில்லை.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றான் யுவராஜ். "நான் பொய் சொன்னது அவர்கிட்ட. உள்ள போய் அவர்கிட்ட சொல்லுங்க."

சாப்பிடுகிற நேரத்தில் கதவைத் திறக்கக்கூடாது என்று சித்தப்பா ஏதோ முனகினார். இராஜம்மா கையமர்த்தினார். இவர் கதவை ஒரு தரம் தட்டினார். பிறகு உள்ளே போனார்.

ஜன்னல் கண்ணாடிப் பலகைகள் திறந்துதான் இருந்தன. இவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. செத்தவரோடு எப்படிப் பேசுவது என்று இவருக்குத் தெரியாது. ஆபீசில் மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"கன்னையா அண்ணே, என் பேரு அருணன். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து வரேன். உங்க மகன் உங்ககிட்ட பொய் சொல்லல. அவன ஏமாத்தினது நான்." இலையோரத்திலிருந்து கிளாஸை எடுக்கிற சத்தம் கேட்டது. "அவன் கஷ்டப்பட்டு செஞ்சான். எனக்குத் தெரிஞ்சத நான் அவனுக்குச் சொல்லித் தரல. நல்லவன்னு பேர் வாங்கறதுல குறியா இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க." என் வாழ்க்கையில் இவர் அழுது நான் கேட்டது அன்றுதான்.

வெளியே வந்தபோது கையில் அந்தக் கிளாஸும் பாட்டிலும் இருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இராஜம்மா அவற்றை வாங்கி வடிகாலில் கொட்டினார். பிறகு உள்ளே போய் ஃபிரிட்ஜில் இருந்து ஒரு ஸ்டவுட் எடுத்து வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன். அவருக்குப் புதுசு எதுவும் பிடிக்காது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அதை ஊற்றி இலையில் வைத்தார். கதவை மறுபடியும் சாத்தினோம். மறுபடியும் முதலில் இருந்து காத்திருந்தோம்.

படையல் சோற்றைப் பகிர்ந்துகொள்ளாமல் போகக்கூடாது என்பதால் எங்களையும் உட்காரவைத்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது யுவராஜ் வந்தான். "என் மால்ட்டுல மட்டும் ஏதாச்சும் காய்ச்சினீங்களா, இல்ல அதுவும் இல்லையா?" என்று கேட்டான். இவர் கார் சாவியைக் கொடுத்தார்.

காரில் இருந்த இன்னொரு பெட்டியைக் கொண்டு வந்து, இரண்டு கிளாஸில் ஊற்றினான். கலங்கலாக, கழுநீர் மாதிரி இருந்தது. ஒன்றை இவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"குடிச்சிட்டு சொல்லுங்க."

இவர் குடித்தார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

"நல்லா இல்ல" என்றார்.

"எவ்வளவு நல்லா இல்ல?"

"ரொம்ப. புளிப்பு. சாக்கு வாசம் அடிக்குது. பாதி முளைக்கல, மீதி சரியா காயல."

யுவராஜ் தன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "ஆமா" என்றான். கிளாஸ்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

அவன் துறைமுக வேலையை விடவில்லை. மால்ட்டையும் விடவில்லை. இப்போது மூட்டையாக இல்லை, சின்னப் பொட்டலமாகக் கொண்டு வருகிறான். இவர் சோதித்து, ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். போன தடவை கொண்டு வந்தது பரவாயில்லை, முக்கால்வாசி முளைத்திருந்தது. அதையும் மிகைப்படுத்தாமல் பரவாயில்லை என்றுதான் சொன்னார். அவன் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரத்திலேயே நின்று கேட்டுக்கொள்கிறான். "சரி சார். தேங்க்ஸ் சார்" என்கிறான்.

இவர் இன்னும் ஒரு தடவைகூட, அங்கிள்னு கூப்பிடு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? நான் டீ குடித்துவிட்டுப் போ என்றால், "இன்னொரு நாள் வரேன் ஆன்டி" என்கிறான். என்னை மட்டும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் இவர் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விடுகிறார்.